மகளின் பெயரும் மகனின் பெயரும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், அறுவடை முடிந்துவிட்டால் கூத்தாநல்லூர் அரிசி ஆலைகளின் வாசலில் லாரிகள் வந்து வரிசையாக நிற்கும். அவற்றுள் சிலவற்றின் முகப்பில், வட்டத்துக்குள் அமைந்த மூன்று முனை நட்சத்திரம் ஒன்று பளபளக்கும். ‘பென்ஸ் வண்டி’ என்பார்கள் பெரியவர்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் பொருளீட்டித் திரும்பியோர் மிகுந்த ஊர் எங்களூர். ஆதலின் அயல்நாட்டுப் பெயர்கள் எங்கள் செவிக்குப் புதியன அல்ல. ஆயினும் பென்ஸ் என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா, இரும்பில் ஒரு வகையா என்று அன்று எனக்கு எவரும் சொல்லவில்லை.

அது ஓர் ஆளின் பெயர்தான். ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ் என்பவர், 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவருடைய தொழிலைக் காப்பாற்றத் தம் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே எடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி பெர்த்தா. வண்டி செய்தாயிற்று; வாங்குவார்தாம் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் தாய்வீட்டுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார் அவ்வம்மையார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடை ஒன்றில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இத்தனை செய்தும், உலகெங்கும் காரின் முகப்பில் ஏறியது வேறொரு பெண்ணின் பெயர்!

அந்தக் கதை இது. பென்ஸுக்குப் போட்டியாக, கான்ஷ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லர் என்பவரும் மோட்டார் வண்டி செய்துவந்தார். அக்கம்பெனியின் கார்களைப் பிரான்ஸின் நீஸ் நகரத்துச் செல்வர்களுக்கு விற்றவர் எமில் ஜெல்லினெக் என்னும் ஆஸ்திரிய வணிகர். 1889இல் பிறந்த தம் மகளிடம் அவருக்கு அளவிறந்த பாசம். பந்தயங்களில் தாமே மகளின் பெயரைப் புனைபெயராகச் சூடிக் கலந்துகொள்வார். 1900இல் டைம்லர் காலமான சில வாரங்களில், 36 கார்களுக்கு 5,50,000 மார்க் விலை பேசினார். வில்ஹெல்ம் மேபாக் புதிய எஞ்சினை வகுத்துத் தந்தார். பெயர் மட்டும் ஜெல்லினெக் சொன்னபடி ‘மெர்சிடிஸ்’. 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் அந்தக் கார் மற்றவற்றை வென்றது. 1902இல் பெயர் பதிவாயிற்று. மறு ஆண்டு தந்தையார் அரசின் அனுமதி பெற்றுத் தம் பெயரையே ஜெல்லினெக்-மெர்சிடிஸ் என மாற்றிக்கொண்டார். நம் நாட்டில் மகள் தந்தையின் பெயரை முதலெழுத்தாகத் தாங்குவாள். அங்கே தந்தை மகளின் பெயரைத் தாங்கினார்!

மெர்சிடிஸ் என்பது அருள் எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயர். அப்பெண்ணின் பாட்டனாரோ வியன்னாவில் பெயர் பெற்ற யூத மதகுரு. யூதரை வேரறுக்க முனைந்த ஹிட்லர் ஊர்வலம் போன கார்களில் மின்னியது அந்த யூதக் குடும்பத்துப் பெண்ணின் பெயர். வரலாறு இவ்வாறும் நகைக்கும்.

போட்டியாளர் இருவரின் கம்பெனிகளும் 1926இல் ஒன்றாயின, ‘மெர்சிடிஸ்-பென்ஸ்’ பிறந்தது. நான் கண்ட நட்சத்திரம் டைம்லர் வழி வந்தது. அவர் ஒரு காலத்தில் மனைவிக்கு எழுதிய அஞ்சலட்டையில் தம் வீட்டின்மேல் நட்சத்திரம் வரைந்திருந்ததைப் புதல்வர்கள் நினைவுகூர, 1909இல் அது சின்னமாகப் பதிவாயிற்று. நிலம், நீர், வானம் மூன்றிலும் தம் எஞ்சின் ஓடும் என்பது பொருள்.

இலக்கணம் எதற்கு என்று வினவும் மாணவர்க்கு இன்னொரு பெயரைச் சொல்வதுண்டு. ஆகஸ்ட் ஹார்க் என்பவர் தாம் நிறுவிய கம்பெனியிலிருந்து 1909இல் பிணங்கி வெளியேறினார். புதிய கம்பெனிக்குத் தம் சொந்தப் பெயரையே சூட்ட அவருக்கு உரிமை இல்லாமற்போயிற்று. நண்பர் வீட்டில் கூடி யோசித்தபோது, மூலையில் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒரு யோசனை சொன்னானாம். ஹார்க் என்றால் ஜெர்மன் மொழியில் ‘கேள்’ என்னும் ஏவல். அதே ஏவல் லத்தீனில் ‘ஆடி’. 1910 முதல் அதுவே காரின் பெயர்.

இனி எங்களூர் லாரிக்கு வருவோம். ஜம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்வதற்காக 1945இல் தொடங்கிய டாட்டா கம்பெனி, 1954இல் ஜெர்மன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லாரிகளைச் செய்தது. 1969இல் அக்கூட்டு முடிந்தது. நட்சத்திரம் நீங்கி டாட்டாவின் பெயர் மட்டும் நின்றது. தொழிற்சாலை அதுவே, தொழிலாளரும் அவர்களே. ஆயினும் ஆலை வாசலில் ஓட்டுநர் ஒருவர், ‘நட்சத்திரம் போட்ட வண்டி இழுக்கிற மாதிரி இது இழுக்காது’ என்று சாதித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

அவரை நகைக்க எனக்குத் தகுதியில்லை. அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றிப் பாடம் நடத்துகையில், ‘நம் மன்னார்குடி பஸ்ஸின் முகப்பில்கூட அவர் பெயர் இருக்கிறதே, பார்த்ததில்லையா?’ என்று பல ஆண்டுகள் நான் சொல்லிவந்தேன். சாலையில் அசோக் லேலண்ட் வரும்போதெல்லாம் கலிங்கப் போர் பிள்ளைகளின் நினைவுக்கு வரட்டும் என்பது என் எண்ணம். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். நம் ஆடுதுறை நெல்லைப்போல ஊரால் பெற்ற பெயர். அசோக் என்பதோ மௌரியர் குலத்துப் பெயர் அன்று. பஞ்சாபைச் சேர்ந்த ரகுநந்தன் சரண் என்னும் விடுதலைப் போராட்ட வீரர், நேருவின் தூண்டுதலால் தொழில் துறைக்கு வந்து, 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. லேலண்ட் பெயர் சேர்ந்தது 1955இல். அசோக் என்பது சரணுடைய மகனின் பெயர். நீஸ் நகரத்துத் தந்தை மகளுக்குச் செய்ததை இவர் மகனுக்குச் செய்தார்.

இதை நான் அறிந்தது ஓய்வு பெற்ற பின்னர். என் வகுப்பில் அமர்ந்து அந்தப் பாடத்தைக் கேட்டவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் இதைக் கேட்க நேர்ந்தால், தம் மாணவர்களிடத்தில் அதைத் திருத்திச் சொல்ல வேண்டுகிறேன்.