தோள்சீலைப் போராட்டம்

தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், சாணார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 19-ஆம் நூற்றாண்டில் நடந்த போராட்டம். பழைய நூல்கள் ‘தோள்சீலைக் கலகம்’ என்கின்றன. வன்முறையில் இறங்கியவர்கள் யார் என்பதை அந்தப் பெயரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மேல்சாதியார் முன் மார்பை மூடாதிருப்பதே அன்று மரியாதை. சாணார்களுக்கு அதோடு தலைவரியும் கூலியில்லா ஊழியமும் சேர்ந்திருந்தன. சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை போட 1814-இல் அரசாணை இடம் தந்தது. அவர்களோ நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822-இல் மணவாளக்குறிச்சியை உள்ளடக்கிய கல்குளம் வட்டாரத்தில் அடிதடி மூண்டது. சந்தைகளில் சீலைகள் கிழிக்கப்பட்டன. குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்றது 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம்.

மதம் மாறாதவர்களிடம் இதே தன்மான உணர்வை எழுப்பியவர் அய்யா வைகுண்டர். 1833 முதல் சாமித்தோப்பில் அவர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். கண்ணாடி முன் நின்று வணங்கச் செய்தார். அரசு அவரைச் சிறையிலிட்டது.

1858-59-இல் பள்ளிகளும் தேவாலயங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்க, 1859 ஜூலை 26-இல் மன்னர் இறங்கிவந்தார், பாதி தூரம். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம். அல்லது மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மீன் சுமந்த பெண்களின் கட்டுதான் அரசு வைத்த அளவுகோல். மூடுவது அல்ல, யாரைப்போல மூடுவது என்பதே வழக்கு.

அடுத்த சண்டை பெயருக்கு. மதபோதகர் கால்டுவெல் 1849-இல் எழுதிய ‘தின்னவேலி சாணார்’ நூல் பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921 கணக்கெடுப்பில் சென்னை மாகாண அரசு சாணார்களுக்கு ‘நாடார்’ என்ற பெயரை ஏற்றது. பழைய சொல்லை உதறினார்கள்.

இந்தப் போராட்டம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திலும் இடம்பெற்றது. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்தது. உடையின் வரலாறு பற்றிய அத்தியாயம் முழுவதையும் 2019-இல் நூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.