விடுகைப் பத்திரமும் அமெரிக்கக் கல்லூரிப் பந்தும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போனாலும் கோபமில்லை.

போன கிழமை பின்னேரம் உரும்பிராய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தாய் எங்களை மறித்தார். "சேர், கொழும்பில ஒரு பெரிய பள்ளிக்கூடம் என்ர மகனைக் கேட்குது. சாப்பாடு, தங்குமிடம், சப்பாத்து எல்லாம் தாங்களே பாப்பினமாம். விடலாமோ?" மகன் உதைபந்தாட்டத்தில் முன்கள வீரன். சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கிறான். "யோசிச்சுச் சொல்லுறம் அம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டோம்.

உடனே பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நாங்கள் படிப்பித்த பாடசாலையில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு பெடியனை வெளியில் கேட்டார்கள். அவன் போனால் மாகாணப் போட்டியில் எங்கள் அணி முதல் சுற்றையே தாண்டாது. ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். ஒருவரும் "விடக்கூடாது" என்று சொல்லவில்லை. விடுகைப் பத்திரத்தை மட்டும் இழுத்தடித்தோம். அதிபர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், முத்திரை இல்லை, நூலகப் புத்தகம் ஒன்று திருப்பித் தரவில்லை... போட்டி முடிந்த பிறகு பத்திரம் கைக்குப் போனது. அதற்குள் அங்கே அந்த இடத்துக்கு வேறொருவனை எடுத்துவிட்டார்கள். எங்கள் அணி அரையிறுதி வரை போனது. படம் எடுத்து அதிபர் அறையில் மாட்டினோம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இப்போது நடக்கும் சம்பளக் கூத்தைப் பற்றி வாசிக்க வாசிக்க அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே 'ஃபுட்போல்' என்றால் நம் உதைபந்து இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். றக்பிக்குப் பெரியப்பா மகன் என்று வையுங்கள். அதை ஆடுவது பல்கலைக்கழக மாணவர்கள். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபன் 2023இல் ஓய்வுபெறும் கட்டத்தில் ஆண்டுக்கு 11 மில்லியன் டொலருக்கு மேல் வாங்கினார். பல மாநிலங்களில் அரச சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, பந்துப் பயிற்றுநருக்கு. இத்தனைக்கும் நடுவில் ஓடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் பெடியனுக்குச் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் கொடுப்பது மட்டும் 2025 வரை தடை.

காசு அங்கே புதிதாக வந்தது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டியே ஒரு வியாபார ஏற்பாடு. 1852இல் ஹாவார்டும் யேலும் நியூ ஹம்ப்ஷயரில் ஒரு ஏரியில் படகோட்டின. செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பனி. பார்க்க வருகிறவர்கள் ரயிலில்தானே வரவேண்டும்! 1905இல் மக்கிளூர்ஸ் என்ற சஞ்சிகை யேல் அணித்தலைவர் ஜேம்ஸ் ஹோகனைப் பற்றி எழுதியது. கல்விக் கட்டணம் இல்லை, நல்ல அறை, சாப்பாடு, கியூபாவுக்கு ஒரு உல்லாசப் பயணம், அதற்கு மேல் அந்த ஊரில் விற்கும் சிகரெட்டில் ஒரு பங்கு. மாணவன் சிகரெட்டுக்குக் கமிஷன் வாங்கியிருக்கிறான். நாங்கள் இங்கே பெனியனில் கடைக்காரர் பெயர் போடலாமா என்று மூன்று கூட்டம் வைக்கிறோம்.

அதே 1905இல் ஆட்டத்தில் பல மாணவர்கள் உயிரிழக்க, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். அடுத்த ஆண்டு ஒரு கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. அதுதான் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படுகிறது. படிக்க வந்தவன் காசுக்கு ஆடக்கூடாது என்பது அதன் தாரக மந்திரம். காசு நிற்கவில்லை, மேசைக்குக் கீழே போனது.

இந்த வரலாற்றில் எங்களை உறுத்துகிற பெயர் ஒன்று உண்டு. ரே டெனிசன். கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்கு ஆடியவர். 1955இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையின்போது இறந்தவருக்குக் கொடுக்கும் நட்டஈட்டை மனைவி கேட்டார். கல்லூரி உதவிப்பணம் கொடுத்துத்தானே ஆடவைத்தது, அப்படியானால் அது வேலைதானே என்பது வாதம். 1957இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் இல்லை என்று தீர்த்தது. கல்லூரி பந்து வியாபாரம் செய்யவில்லையாம்.

இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் என்.சி.ஏ.ஏ. ஒரு சொல்லைச் செய்தது. 'மாணவ விளையாட்டு வீரர்'. கேட்க எவ்வளவு அழகு! 1951 முதல் அந்தச் சங்கத்தை நடத்திய வோல்ட்டர் பையர்ஸ், ஓய்வுபெற்ற பிறகு எழுதிய புத்தகத்தில் அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்பதைத் தானே ஒத்துக்கொண்டார். அவன் தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான். தமிழ் படிப்பிக்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். ஒரு சொல் அரை நூற்றாண்டுச் சம்பளத்தை மிச்சம்பிடித்துக் கொடுத்திருக்கிறது.

மேசைக்குக் கீழே கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் பழைய மாணவர்கள், ஊர்ப் பணக்காரர்கள். டெக்சாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் திரும்பத் திரும்பப் பிடிபட்டு, 1987 பருவம் முழுவதும் ஆடத் தடைவிதிக்கப்பட்டது. இடையில் கொடுப்பனவைத் தொடரத் தலையசைத்தவர்களில் தானும் ஒருவன் என்று ஒத்துக்கொண்டவர் பில் கிளெமென்ட்ஸ். முன்பு அந்தப் பல்கலைக்கழக ஆளுநர் சபைத் தலைவர், ஒத்துக்கொள்ளும்போது டெக்சாஸ் மாநில ஆளுநர்!

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். இலண்டன் கிளை, ரொறன்ரோ கிளை, சிட்னிக் கிளை என்று எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் அனுப்பும் காசில்தான் துடுப்பு மட்டை, வலை, பயிற்றுநர் சம்பளம் எல்லாம் ஓடுகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. சென். ஜோன்ஸும் யாழ். மத்தியும் 1904 முதல் மோதும் வடக்கின் பெரும் போரைப் பார்க்க விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் பாடசாலை தோற்பதை மனிதனால் தாங்க முடியாது. அந்த மனம் டெக்சாஸிலும் ஒன்றுதான், மானிப்பாயிலும் ஒன்றுதான்.

இனி மாறிப் போகிற கதை.

அமெரிக்காவில் முன்பு ஒரு பெடியன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு முழு ஆண்டு ஆடாமல் வெளியே உட்காரவேண்டியிருந்தது. 2018 வரை இன்னொரு விதியும் இருந்தது. பழைய கல்லூரி அனுமதி கொடுத்தால்தான் புதிய இடத்தில் உதவிப்பணம் பெறலாம். பயிற்றுநர் விரும்பினால் மறிக்கலாம். அதே பயிற்றுநர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மறுநாளே அடுத்த கல்லூரிக்குப் போகலாம், அவருக்குத் தடை இல்லை. இதை முதன்முதலில் வாசித்தபோது எங்கள் பழைய பாடசாலை அலுமாரியும் அதற்குள் கிடந்த அந்த விடுகைப் பத்திரமும் கண்ணுக்குள் வந்தன. அவர்கள் சட்டம் போட்டு மறித்தார்கள். நாங்கள் முத்திரை இல்லை என்று சொல்லி மறித்தோம்.

கட்டு அவிழ்ந்தது நீதிமன்றங்களால். எட் ஓபனன் என்ற பழைய கூடைப்பந்து வீரர், ஒரு வீடியோ கேமில் தன் உருவம் ஓடுவதைப் பார்த்தார். விற்றவர்களுக்குக் காசு, அவருக்குச் சல்லி இல்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி குளோடியா வில்கன் அவர் பக்கம் தீர்த்தார். 2019இல் கலிபோர்னியா, வீரர் தன் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்கலாம் என்று சட்டம் செய்தது. 2021 ஜூனில் ஓல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.க்கு எதிராக நின்றார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் பெயருக்கும் படத்துக்கும் காசு வாங்கலாம் என்றாகியது. மாறுவதற்கும் வழி திறந்தது. 2018 ஒக்டோபரில் பெயரைப் பதிந்தால் போதும் என்ற ஏற்பாடு. 2021இல் ஒருமுறை மாறினால் உட்காரத் தேவையில்லை. 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம்.

கடைசியாக ஹவுஸ் வழக்கு. அதே வில்கன் அம்மையார் 2025 ஜூன் 6ஆம் திகதி இணக்கத்தை அங்கீகரித்தார். இப்போது ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் ஏறக்குறைய 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முன்பு ஆடியவர்களுக்கு நிலுவையாக 2.8 பில்லியன் டொலர், 10 ஆண்டுகளில்.

விளைவு? 2025 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்ரடாமும் மோதின. அணியை நடத்தும் குவாட்டர்பெக் இருவருமே வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அங்கே பழைய மாணவர்கள் தலையில் கைவைக்கிறார்கள், "எங்கட பெடியள் எங்க?" என்று. சில பல்கலைக்கழகங்கள் நீச்சல், டெனிஸ் போன்ற அணிகளைக் கலைக்கின்றன. அந்த நிலுவையில் பெரும்பங்கு, முக்கால்வாசி, ஃபுட்போல்காரருக்கே போகிறது. பெண்கள் கூடைப்பந்துக்கு நூற்றுக்கு 5. தெல்லிப்பழை மகாஜனாப் பெண்பிள்ளைகள் உதைபந்தில் அகில இலங்கைக் கிண்ணம் கொண்டுவந்த ஊரில் இருந்து பார்க்கும்போது இந்தக் கணக்கு கசக்கிறது. இலாபம் வராத விளையாட்டு முதலில் சாகும். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனாலும் பழைய முறை நியாயமானது என்று எங்களால் சொல்லமுடியவில்லை.

இலங்கையைப் பாருங்கள். பெத்தும் நிசங்க களுத்துறை வித்தியாலயத்திலிருந்து இசிப்பதனக் கல்லூரிக்கு மாறியவர். மதீஷ பத்திரன கண்டி ரணபிம றோயலிலிருந்து திரித்துவக் கல்லூரிக்குப் போனவர். பிறகு சென்னை அணி அவரை 13 கோடி இந்திய ரூபாவுக்குத் தக்கவைத்தது. விடுகைப் பத்திரத்தை யாராவது அலுமாரியில் பூட்டியிருந்தால்? எங்கள் வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியிலேயே நின்று, 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸுக்கு ஆடி, 2024இல் 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு ஹைதராபாத் போனார். அதுவும் நடக்கிறது, மாறாமலும் மேலே வரலாம். ஆனால் துடுப்பாட்டத்துக்கு இருக்கும் ஏணி உதைபந்துக்கு இல்லை. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் நீக்கியது. நம் பெடியனுக்கு உச்சபட்சக் கனவு இராணுவ அணியோ விமானப்படை அணியோ பொலிஸ் அணியோ, அதோடு வரும் ஒரு அரச சம்பளம். அல்லது மாலைதீவில் ஒரு கழகம். கொழும்பில் ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி போன்ற உதைபந்துப் பாரம்பரியமுள்ள பாடசாலைகளில் ஆடினால் கண்ணில் படும் வாய்ப்புக் கூடும். அதற்காகத் தாய் யோசிப்பது பேராசையா?

இன்னொன்று. 5ஆம் தரப் புலமைப்பரிசிலில் கூடப் புள்ளி எடுத்த பிள்ளை கிராமத்துப் பாடசாலையை விட்டுப் பெரிய கல்லூரிக்குப் போகிறது. நாங்கள் மாலை போட்டு, பதாகை கட்டி அனுப்புகிறோம். கணிதத்தில் கெட்டிக்காரன் போனால் பெருமை, காலில் கெட்டிக்காரன் போனால் துரோகம். இந்த வேறுபாட்டை எங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

பிள்ளை அமானிதம் என்று மார்க்கம் சொல்கிறது. அமானிதப் பொருளை வைத்துக் கிண்ணம் வெல்ல நினைத்தவர்கள் நாங்கள். அந்தப் பெடியன் உயர்தரம் முடிக்கவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். பெருநாளுக்கு வட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவான், "சேர் சுகமா?" என்று கேட்பான். பத்திரத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். விடலாம் என்றோம். ஆனால் போகமுன் அந்தப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்கச் சொன்னோம். முழங்கால் உடைந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனால் விடுதியும் சாப்பாடும் உயர்தரப் பரீட்சை வரை தொடருமா? பாடத்துக்கு எத்தனை மணி, பயிற்சிக்கு எத்தனை மணி? தமிழ் மொழியில் அவன் எடுக்கும் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? திரும்பி வர விரும்பினால் விடுகைப் பத்திரம் எத்தனை நாளில் கிடைக்கும்?

"உப்பிடியெல்லாம் கேட்டா வேண்டாமெண்டு சொல்லிப்போடுவினமோ சேர்?" என்றார்.

அப்படிச் சொன்னால் அனுப்பவேண்டாம் என்றோம். கடிதத்தை அவருடைய பெயரில் நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிவுத் தபாலில் போயிருக்கிறது. மகன் பின்னால் நின்று பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டான். "சேர், இங்கத்தைய பத்திரம் எப்ப தருவியள்?"

திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறோம்.