விமானத்திலிருந்து காருக்கு இறங்கி வந்த நாசில்

சோக் இழுத்து வண்டி கிளப்பிய தலைமுறை நாம். அம்பாசடரோ ஃபியட்டோ, மார்கழிக் காலையில் சோக்கை இழுத்தால்தான் உயிர் வரும். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் பிளக் நனைந்துபோகும். அப்புறம் பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்ட வேண்டும். அதற்குள் அலுவலகத்துக்கு நேரமாகிவிடும். 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் நம் ஊர்ப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் அந்த இடத்துக்கு வந்தது. அதனால் நம்மில் பலர் இன்ஜெக்டரைக் கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் ஒரு துளி எலெக்ட்ரானிக்ஸும் இல்லாமல், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சிய கார் 1954-லேயே வந்துவிட்டது. அது மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்.எல். கதவுகள் பறவைச் சிறகு போல மேல்நோக்கித் திறக்குமே, பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரில் நாசில் மாற்றுவது எப்படி என்று அண்மையில் தேடிப் படித்தேன். அது என்னை இரண்டாம் உலகப் போரின் வானத்துக்கே கொண்டுபோய் விட்டது.

முதலில் டீசலிலிருந்து தொடங்குவோம். டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுக்குள் சரியான நொடியில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும், அது தானாகப் பற்றிக்கொள்ளும். ரொம்ப நாள்வரை அதற்குப் பெரிய காற்று அமுக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் அது சரி, லாரிக்கு ஆகாது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் நிறுவனம் 1922-இல் இந்த வேலையில் இறங்கி, 1927-இல் லாரிக்கான டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. கேம் ஷாஃப்ட் ஒன்று சுழலும், அது சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் பிளங்கர்களைத் தள்ளும், ஒவ்வொரு பிளங்கரிலிருந்தும் ஒரு எஃகுக் குழாய் நாசிலுக்குப் போகும். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். எஃப்.ஐ.பி. அறை என்று ஒன்று தனியாக, தூசி புகாமல் பூட்டி வைத்திருப்பார்கள். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைகோ, அதே பாஷ் பம்பைத்தான் நம் நாட்டில் செய்து கொடுத்தது. "மைகோ பம்ப்" என்பது லாரிக்காரர்கள் வாயில் பொதுப்பெயராகவே ஆகிப்போனது.

இதே பம்பைப் பெட்ரோலுக்கும் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் விமான என்ஜின்காரர்களுக்கு வந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை அறை உண்டு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வு மாதிரி. மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஊசி வால்வை அடைக்கும். தரையில் ஓடும் வண்டிக்கு இது போதும். குட்டிக்கரணம் போடும் போர் விமானத்துக்கு? ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்த டைம்லர் பென்ஸ் டி.பி. 601 என்ஜினில் கார்புரேட்டரே இல்லை. பம்ப் வைத்து சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சினார்கள். எதிரில் நின்ற பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். அதில் கார்புரேட்டர்.

1940-இல் இங்கிலாந்து வானத்தில் நடந்த சண்டையில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகியது. முதுகில் துரத்துபவனிடமிருந்து தப்ப, ஜெர்மன் விமானி சட்டென்று மூக்கைக் கீழே குத்திப் பாய்வான். பின்னாலேயே அப்படிக் குத்தினால் ஸ்பிட்ஃபயரின் என்ஜின் இருமி நின்றுவிடும். மேட்டில் வேகமாக ஏறி இறங்கும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் நாம் எழும்புகிறோமே, அதுபோல மிதவை அறையின் பெட்ரோல் கூரைக்கு எழும்பிவிடும். முதல் கணம் பெட்ரோல் கிடைக்காமல் திணறும். அடுத்த கணம் மிதவை தடம் மாறி வால்வு முழுதும் திறந்து, பெட்ரோல் வெள்ளமாகக் கொட்டி என்ஜின் மூச்சடைக்கும். இதைத் தவிர்க்க பிரிட்டிஷ் விமானி பாதி உருண்டு தலைகீழாகி, அப்புறம் பாய வேண்டும். அந்தச் சில விநாடிகள் போதும், எதிரி போயே போய்விடுவான். அல்லது திரும்பி வந்து சுடுவான்.

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண் பொறியாளர், பியாட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலை. நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். அவர் செய்தது ஒரு வாஷர் அளவுக்கான சின்னப் பொருள். நடுவில் அளந்து போட்ட துளை. என்ஜின் முழு வேகத்தில் குடிக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது. 1941-இன் தொடக்கத்தில், சிறு குழுவோடு விமான தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார். திணறல் முழுதாகத் தீரவில்லை, ஆனால் மூச்சடைத்து நிற்பது நின்றது. மூளையுள்ள ஒருவர் கையில் காசுக்குப் பெறாத வாஷர்கூட ஆயுதம்தான்.

ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் விவரமில்லாமல் கார்புரேட்டர் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் சக்தி கூடும். மண்பானைத் தண்ணீரின் தத்துவம். தெரிந்தே எடுத்த முடிவு அது. இருந்தாலும், மூக்கைக் குத்தும் அந்தக் கணத்தில் விமானிக்கு அந்தத் தத்துவத்தால் என்ன பயன்?

போர் முடிந்தது. தோற்ற ஜெர்மனியில் விமானம் கட்டத் தடை. விமான என்ஜின் அறிந்த பொறியாளர்கள் கிடைத்த இடத்தில் ஒண்டினார்கள். டைம்லர் பென்ஸிலிருந்த ஹான்ஸ் ஷெரன்பெர்க் என்பவர் குட்பிராட் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனார். அங்கே செய்தது டூ-ஸ்ட்ரோக் சின்னக் கார். டூ-ஸ்ட்ரோக்கின் சாபம் நம் பழைய ராஜ்தூத், லாம்பிரெட்டா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சைலென்சர் வழியே போய்விடும். முதலில் வெறும் காற்றை விட்டுத் துடைத்து, பெட்ரோலைப் பிறகு சிலிண்டருக்குள் பீய்ச்சினால் அந்த விரயம் குறையும். இப்படி 1950-களின் தொடக்கத்தில், குட்பிராட் சுப்பீரியரிலும் கோலியாத் என்ற இன்னொரு சிறு காரிலும் பாஷ் பெட்ரோல் பம்ப் ஏறியது. போர் விமானத்தின் வித்தை முதலில் கரை சேர்ந்தது ஏழைக் காரில்.

1952-இல் ஷெரன்பெர்க் பழைய வீட்டுக்கே திரும்பினார். அந்த வருஷம் மெர்சிடஸின் 300 எஸ்.எல். பந்தயக் கார் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தையும் மெக்சிகோவின் நெடுஞ்சாலைப் பந்தயத்தையும் வென்றது. அதில் இருந்தது கார்புரேட்டர்தான். நியூயார்க்கில் கார் இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன், இதைச் சாலைக் காராக்கிக் கொடுங்கள், விற்றுக்காட்டுகிறேன் என்று நச்சரித்தார். 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் வந்து நின்ற கார்தான் சிறகுக் கதவு 300 எஸ்.எல். என்ஜின் மூலத்தில் 300 என்ற பெரிய சலூன் காருடையது, அங்கே 115 குதிரைசக்தி. அதே 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இங்கே 215 கொடுத்தது. அந்த அளவு ஏற்றத்தில் பம்புக்கும் நாசிலுக்கும் பெரிய பங்கு. நாசில்களை எங்கே வைத்தார்கள் தெரியுமா? மூல என்ஜினில் பிளக் இருந்த துளைகளில்! பிளக்குகளைத் தலைப்பாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1957 வரை சிறகுக் கதவுக் கார் 1,400, அதன் பிறகு 1963 வரை திறந்த கார் 1,858. அவ்வளவுதான் மொத்தம்.

இந்தப் பம்புக்கு ஒரு கெட்ட குணம். சாவியைத் திருப்பி நிறுத்தினால் பிளக்கில் பொறி நிற்கும், பம்ப் நிற்காது. என்ஜின் சுற்றி ஓயும்வரை கேம் தள்ளும், பிளங்கர் பீய்ச்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆனால் பந்தயத்துக்கென்று வைத்த பெரிய எண்ணெய்த் தொட்டியும் குளிர்விப்பானும் இருப்பதால், கடைத்தெரு வரை போய்வரும் ஓட்டத்தில் ஆயில் சூடே ஆகாது. அதனால் 1,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னார்கள். குளிர்விப்பானுக்குக் காற்று போகாமல் மறைத்து ஓட்டியவர்களும் உண்டு.

ஆக, நாசில் ஒழுகினால் இந்தக் காரில் சேதம் மைலேஜோடு நிற்காது. டீசல் நாசில் ஒழுகினால் கறுப்புப் புகை வந்து காட்டிக்கொடுக்கும். இங்கே அது சத்தமில்லாமல் பிஸ்டனையும் பேரிங்கையும் தின்னும்.

எலெக்ட்ரானிக் முறை பற்றி ஒரு வரி. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் 1957-இல் முயன்று கைசுட்டுக்கொண்டது. பாஷ் அந்த வழியில் போய் 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600-இல் வெற்றி கண்டது. அந்த வகைப் பழைய கார்களில் இன்ஜெக்டர் மாற்றுபவர்களுக்குப் பெரிய பயம் ரப்பர் குழாய்தான். வெடித்த ரப்பரிலிருந்து சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சிந்தினால் கார் கரிக்கட்டை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், ஆகவே இன்ஜெக்டரோடு குழாயையும் மாற்றுவதே புத்தி.

300 எஸ்.எல்.-க்கு வருவோம். எஃப்.ஐ.பி. அறையில் இருந்தவர்களுக்கு அந்த வேலை புதிதாகவே தெரியாது. முதலில் சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். மணல் துகள் ஒன்று உள்ளே போனால் பிளங்கரில் கீறல் விழும். குழாயைக் கழற்றியதும் இரு முனைகளுக்கும் மூடி. எந்தக் குழாய் எந்த சிலிண்டருக்கு என்று அடையாளம். கழற்றிய நாசிலை டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பனி போலப் பிரிகிறதா, கம்பி போலப் பாய்கிறதா, மூடியபின் நுனியில் சொட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது, அந்தப் பனி ஒரு பொறியில் வெடிக்கும். அதற்கென்று உள்ள திரவம்தான். கையை முன்னால் நீட்டவே கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆறும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிது, ஐந்து பழசு என்று விட்டால் என்ஜின் ஆறு குரலில் பேசும்.

பம்பில் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. டீசலுக்கு வழுவழுப்பு உண்டு, பிளங்கருக்கு அதுவே எண்ணெய். பெட்ரோல் வறட்சியானது. ஆகவே என்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து பிளங்கர்களை நனைக்கிறார்கள். அதைக் கவனிக்காத மெக்கானிக் கையில் பம்ப் தேய்ந்துபோகும்.

புது நாசில் மாட்டினாலும் பழைய ஆறையும் தூக்கி எறிய மாட்டார்கள். இவ்வளவு அரிய காரில் கூடவே பிறந்த உறுப்புக்குத் தனி மதிப்பு. எண் எழுதி, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துக் காரோடு கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, ஆயில் நன்றாகச் சூடாகும் அளவுக்கு நீளமாக ஒரு ஓட்டம். மறுநாள் காலை, கிளப்புவதற்கு முன்னால், டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே பிடித்து, பெட்ரோல் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள்.