ரஜூலாவும் ஒரு மீன்பிடிக் கப்பலும்

"ரஜூலாவுல வந்தோம்" என்று சொன்ன பாட்டன் பாட்டிமார் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய அக்கப்பல், நாகப்பட்டினத்தில் ஏற்றியவர்களைப் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இறக்கிற்று.

அதே 1926-இல் அமெரிக்காவின் எசெக்ஸ் ஊரில் 'அட்வென்ச்சர்' என்ற மரக்கப்பலைக் கட்டினார்கள். சுமார் 120 அடி நீளம். பாய் விரித்து ஆழ்கடலுக்குப் போய்ச் சிறு தோணிகளை இறக்கும்; தோணிக்காரர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள். மூடுபனியில் வழி தவறினால் உயிர் போச்சு! அவர்களுக்கு வயதாகி, புது ஆளும் கிடைக்காமல் 1953-இல் மீன்பிடிப்பு நின்றது. பிறகு பல ஆண்டுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிற்று. 1988-இல் குளோஸ்டர் ஊர் மக்களுக்கே அது நன்கொடையாக வந்தது.

மரக்கப்பலைப் புதுப்பிப்பது லேசா? உளுத்த பலகையைக் கழற்றினால் உள்ளே விலாக்கட்டையும் உளுத்திருக்கும். அதே வளைவில் புதுமரம் செதுக்கிப் பொருத்தி, இடுக்கில் நார் அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்யவேண்டும். பணம் சேரச் சேர வேலை, சேராவிட்டால் காத்திருப்பு. 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆனாலும் அது மறுபடி பாய் விரித்து ஓடிற்று.

ரஜூலாவை 1974-இல் உடைத்துவிட்டார்கள்.

வகுப்பில் கேட்டேன்: "யார் வீட்டிலாவது கப்பல் சாமான் ஏதும் இருக்கா?" ஒரு பையன் எழுந்தான். "தகரப் பெட்டி இருக்கு சார். ஆயா அதுலதான் அரிசி கொட்டி வச்சிருக்காங்க."