பெண்கள் இராணுவத் துணைப் படை (ஐக்கிய அமெரிக்கா)

பெண்கள் இராணுவத் துணைப் படை என்பது இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கத் தரைப்படைக்கு உதவுவதற்காக 1942 மே 15 அன்று சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட தன்னார்வப் படையாகும். 1943 சூலையில் இதன் பெயரிலிருந்து 'துணை' என்ற சொல் நீக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லின் நீக்கமே இப்படையின் வரலாற்றில் பெரும் திருப்பமாக அமைந்தது.

பின்னணி

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் தொலைபேசி இணைப்பகங்களில் பணியாற்றப் பெண்கள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். சீருடை அணிந்து, இராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டிருந்தும், நாடு திரும்பியபின் அவர்கள் படையினராகக் கருதப்படவில்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977இல்தான் கிடைத்தது. இந்நிலை மீண்டும் ஏற்படக் கூடாது என்று கருதிய நாடாளுமன்ற உறுப்பினர் எடித் நோர்சு ரோசர்சு, 1941 மே மாதம் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆனால் பெண்களைத் தன் அங்கமாக ஏற்க இராணுவம் முன்வரவில்லை. எனவே படைக்கு உள்ளே அல்லாமல், படையுடன் சேர்ந்து இயங்கும் அமைப்பாகவே இது அமைந்தது.

பணியும் குறைகளும்

ஓவெட்டா கல்ப் ஆபி இதன் முதல் இயக்குநரானார். 1942 சூலையில் அயோவா மாநிலத்தின் டெ மொயின் கோட்டையில் 440 பேருக்கு அதிகாரிப் பயிற்சி தொடங்கியது. அவர்களுள் சுமார் 40 பேர் கறுப்பினப் பெண்கள்; அவர்கள் தனி அணியாகவே வைக்கப்பட்டனர். தட்டச்சு, தொலைபேசி, வாகனம் ஓட்டுதல் போன்ற பணிகளைப் பெண்கள் ஏற்றதால் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல முடிந்தது. எனினும், வெளிநாட்டில் பணியாற்றிய பெண்களுக்கு அதற்கான கூடுதல் ஊதியமோ அரசின் ஆயுள் காப்பீடோ இல்லை. எதிரியிடம் பிடிபட்டால் போர்க் கைதிகளுக்குரிய பாதுகாப்பும் இல்லை.

நிலை மாற்றம்

1943 சூலை 1 அன்று கையெழுத்தான சட்டம் இப்படையைத் தரைப்படையின் பகுதியாக்கியது. உறுப்பினர்கள் புதிதாகச் சேரலாம் அல்லது விலகலாம் எனத் தெரிவு வழங்கப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் விலகினர். போர்க்காலம் முழுவதும் சுமார் 1,50,000 பெண்கள் இதில் பணியாற்றினர்.

1945 பெப்ரவரியில், சாரிட்டி ஆடம்சு தலைமையில் 6888ஆவது அஞ்சல் பிரிவின் கறுப்பினப் பெண்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமை அடைந்தனர். படைவீரர்களுக்கு வந்த கடிதங்கள் அங்கே மலைபோல் தேங்கிக் கிடந்தன. ஆறு மாதங்களில் முடிக்க வேண்டிய வேலையை, மூன்று முறைமாற்றங்களில் இரவு பகலாக உழைத்து மூன்றே மாதங்களில் முடித்தனர்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு இராணுவத்தில் நிரந்தர இடமளித்தது. 1978இல் இத்தனிப்படை கலைக்கப்பட்டு, பெண்கள் தரைப்படையின் பொதுப் பிரிவுகளில் இணைக்கப்பட்டனர்.