முதலெழுத்து மாறிய பின்னர்

எமது பழைய மாணவிகள் சங்கத்துக்கு நூறு ஆண்டுகள் நிறைகின்றன. அதைத் தொடக்கி வைத்த பெண்கள் யார், எவருடைய அம்மம்மா, எவருடைய பூட்டி என்று கேட்டால் எம்மிடம் விடை குறைவு. பெயர்கள் இருக்கின்றன. கல்லூரியின் சேர்விடாப்பில் தகப்பனாரின் முதலெழுத்தோடு ஒரு பெண்பிள்ளை நுழைகிறாள். சில ஆண்டுகளின் பின் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் கணவரின் பெயரோடு ஒரு 'திருமதி' தோன்றுகிறார். இருவரும் ஒருவர்தானா என்பதை இடாப்பும் சொல்லாது, கூட்டக் குறிப்பும் சொல்லாது. வகுப்புக்கு இரண்டு அன்னம்மா, மூன்று செல்லம்மா இருந்த காலம் அது. பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் விவாகப் பதிவேடுதான்.

புலம்பெயர்ந்த சகோதரிகள் பலர் தம் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கியிருப்பதால், இத்தேடலில் உதவக்கூடியவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுப் பாடசாலைகளில் ஞானஸ்நானமும் விவாகமும் தோம்புகளில் எழுதப்பட்டன. எமது தேடலுக்கு அவ்வளவு தூரம் பின்னே போக வேண்டியதில்லை. இன்றும் நடைமுறையில் உள்ளது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். தேவாலயத்தில் நடந்த விவாகமானாலும், வீட்டுக்குப் பதிவாளரை அழைத்துச் செய்த எழுத்தானாலும் இதன் கீழேயே வரும். முஸ்லிம் சகோதரிகளின் விவாகங்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் தனிப் பதிவேடுகளும் உண்டு.

ஆனால் வழமைப்படி நடந்த சைவத் திருமணம் பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லுபடியாகும். ஆகவே எத்தனையோ கலியாணங்களுக்கு எழுத்தே இல்லை. இதை அறியாத பேர்த்திகள் படும் துயரத்தை நாம் கண்டிருக்கிறோம். அம்மாவின் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கூட்டில் 'இல்லை' என்றிருக்கும். நாதஸ்வரம் ஒலிக்க, ஊர் கூடிச் சாப்பிட்ட கலியாணத்துக்கு அந்த ஒரு சொல்! பதிவாளர் கேட்டது எழுத்தைப் பற்றி. பேர்த்தி வாசிப்பதோ அம்மம்மாவின் மானத்தைப் பற்றி. அந்தச் சொல்லைக் கண்டு எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

பதிவேடு கிடைத்துவிட்டால் மருத்துவர்களாகிய நாம் முதலில் பார்ப்பது வயதைத்தான். 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணமகளுக்குக் குறிக்கப்பட்ட ஆகக் குறைந்த வயது 12. இரு பாலாருக்கும் 18 என்று திருத்தப்பட்டது 1995 இல். எமது கல்லூரியின் முதல் மாணவிகள் வளர்ந்தது அந்தப் 12 வயதுச் சட்டத்தின் கீழ். மகளை இன்னும் இரண்டு ஆண்டு விடுதியில் விட்டுவைத்த தகப்பனாரின் துணிவை அதோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். மணமகளின் தொழிலுக்குரிய கூட்டில் ஒரு கோட்டுக்குப் பதிலாக 'ஆசிரியை' என்று கண்டால் எமக்கு வரும் மகிழ்ச்சி சொல்லி முடியாது.

விவாகப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் உண்டு; தாய்மாரின் பெயர் இல்லை. இது எமக்குச் சிறு குறையல்ல. சிகிச்சை அறையில் தாய்வழியில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்கும்போது, அம்மம்மாவுக்கு அப்பால் பெயரே தெரியாதவர்கள்தான் அநேகம். இங்கே கைகொடுப்பது சீதன உறுதி. தேசவழமைப்படி தாயின் சீதனக் காணி பெரும்பாலும் மகளுக்கே போனது. நொத்தாரிசு எழுதிய நன்கொடை உறுதியில் தாய், தகப்பன் இருவர் பெயரும், காணி அவர்களுக்கு வந்த வழியும் இருக்கும். எல்லைகளில் வரும் அயலவரும் பெரும்பாலும் இனத்தவரே. காணிப் பதிவகத்தில் அந்த ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் மகள், தாய், தாயின் தாய் என்று ஒரு பெண்வழி எழும்பி வரும். காணிச் சண்டைக்கு மட்டுமே உதவுவது என்று நாம் நினைத்திருந்த கடதாசி!

தேடும்போது மணமகளின் ஊரிலிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தில் கலியாணம் பெண் வீட்டில் நடப்பதே வழமை. ஆகவே பதிவும் அந்தப் பிரிவிலேயே இருக்கும். தாலிகட்டிய திகதியை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்து பல மாதம் முந்தியும் நடந்திருக்கலாம், சில வேளை பிள்ளை பிறந்த பின்னரும் நடந்திருக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் வேலை இலகு. தெரியாவிட்டால் காலப்பகுதியைக் குறித்துத் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். போரில் ஏடுகள் அழிந்த இடங்களுக்கு, பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் பிரதி நம்பிக்கை தரும். கொழும்பு மாளிகாவத்தையில் மத்திய ஆவண அறை இருக்கிறது. வீட்டில் 'பேபி' என்றும் 'ராசாத்தி' என்றும் அழைக்கப்பட்டவருக்குப் பதிவில் வேறு பெயர் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மிஷன் குடும்பங்களின் செய்திகள் கடல் கடந்தும் கிடக்கின்றன. அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலும், சி.எம்.எஸ். ஆவணங்கள் பேர்மிங்ஹாமிலும், மெதடிஸ்த மிஷனின் ஆவணங்கள் லண்டன் சோவாஸ் நூலகத்திலும் உள்ளன. அவ்வூர்களில் வாழும் சகோதரிகள் ஒரு நாளை அதற்கென ஒதுக்கினால் எமக்குப் பேருதவி. மாப்பிள்ளை மலாயா றெயில்வேயில் வேலை பார்த்தவராயின் அங்கும் தேட வேண்டும். பழைய 'ஈழகேசரி'யின் பக்கங்களையும் பாடசாலை மலர்களையும் நூலகம் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ எமது கல்லூரியில் படித்திருந்தால், அவருடைய விவாகச் சான்றிதழின் அல்லது சீதன உறுதியின் பிரதியொன்றைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். பிரதியின் பின்புறத்தில் அவருடைய கன்னிப் பெயர், தகப்பனார் பெயர், படித்த ஆண்டுகள், வீட்டில் அழைத்த பெயர் ஆகியவற்றோடு, தெரிந்தால் அவருடைய தாயாரின் பெயரையும் எழுதுங்கள்.