பதின்மூன்று நிமிடங்கள்

ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று எடைபோடும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? அவர் செய்ததையா, அது எப்படி முடிந்தது என்பதையா? முடிவு யார் கையிலும் இல்லை என்று தெரிந்தும், பெரும்பாலும் முடிவை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் 1976-ல் இந்தச் சிக்கலை 'அற அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். எனக்கு அது புரிந்தது கியோர்க் எல்சரைப் பற்றிப் படித்தபோதுதான்.

எல்சர் ஒரு ஜெர்மானியத் தச்சர். போரைத் தடுக்க ஹிட்லரைக் கொல்வதே வழி என்று 1938-ல் முடிவு செய்தார். ஹிட்லர் ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று ம்யூனிக் நகரின் ஒரு பீர் மண்டபத்தில் பேசுவது வழக்கம். 1939-ல் எல்சர் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அங்கே ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னாலிருந்த தூணைக் குடைந்து குண்டு வைத்தார். அது இரவு 9.20-க்கு வெடிக்க வேண்டும்.

அன்று மூடுபனி. விமானத்தை நம்ப முடியாமல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு 9.07-க்கே கிளம்பிவிட்டார். குண்டு சொன்ன நேரத்தில் வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அங்கே பரிமாறிய பெண். எல்லையில் பிடிபட்ட எல்சர், 1945 ஏப்ரல் 9 அன்று டாஹவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது நாளில் அந்த முகாம் விடுதலையானது.

பனி இல்லாதிருந்தால் எல்சருக்கு உலகமெங்கும் சிலை இருந்திருக்கும். ஆனால் 1999-ல்கூட ஒரு ஜெர்மன் ஆய்வாளர், அப்பாவிகளை ஆபத்தில் தள்ளிவிட்டு, குண்டை நிறுத்த அங்கே இல்லாமல் போனார் என்று எல்சரைக் குறை சொன்னார். பெரிய சர்ச்சையே நடந்தது.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹிட்லர் இறந்திருந்தாலும் அந்தப் பெண் இறந்திருக்கக்கூடும். அவர் உயிரைப் பணயம் வைத்தது எல்சரின் முடிவு; பனி அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குறை சொல்வதென்றால் வென்ற எல்சரையும் சொல்ல வேண்டும். பாராட்டுவதென்றால் தோற்ற எல்சரையும் பாராட்ட வேண்டும்.

ஹிட்லர் இறந்திருந்தால் அந்தப் பெண்ணைப் பற்றி நாம் கேட்டிருப்போமா?